லெட்சுமியும் லக்‌ஷ்மியும் ஒரே ஆளா?

நான் பொருத்தம் பார்த்துச் சம்பாதிக்கிறவள். கல்யாணப் பொருத்தமில்லை, பெயர்ப் பொருத்தம். மலேசியாவில், ஜொகூர் பாருவில் சில தனியார் கிளினிக்குகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் ஒரே கணினியில் கொண்டுவரும் வேலை எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தது. பழைய அட்டைகள் பலவற்றில் அடையாள எண் கிடையாது. பெயர் இருக்கும், அதுவும் கவுண்டரில் இருந்தவர் காதில் விழுந்தபடி, ஆங்கில எழுத்தில். நாலு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லியும் தப்பாகவே அச்சாகி வந்த பெயரைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே படியுங்கள்.

எழுத்தை எண்ணினால்

ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணுவதுதான் நான் முதலில் முயன்ற முறை. இரண்டுக்குள் இருந்து, மற்ற விவரமும் ஒத்துப்போனால் ஒரே ஆள். ஆங்கிலத்தில் ரமேஷைக் கணேஷாக்க இரண்டே எழுத்து போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ரமேஷும் கணேஷும் பக்கத்து ஊரான செனாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் இரட்டையர்கள். ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே பிறந்தநாள். என் நிரல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. காய்ச்சல் என்று போன ரமேஷ் முன்னால், கணேஷுக்குப் போட வேண்டிய தடுப்பூசியோடு நர்ஸ் வந்து நின்றிருக்கிறார். நல்லவேளை, எதற்கு ஊசி என்று ரமேஷ் கேட்டுவிட்டார். மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஸ்கூல்ல அவன் செஞ்சதுக்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கேன் மேடம். இப்ப ஊசியும் நானே வாங்கணுமா?"

ஓசையைக் கேட்டால்

அடுத்தது ஓசை முறை. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு, ஒத்த ஓசைகளுக்கு ஒரே எண் தரும். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. 'எஸ்'ஸில் எழுதிய சின்னசாமியும் 'சி எச்'சில் எழுதிய சின்னசாமியும் அதற்கு வேறு வேறு ஆள். ஆனால் சிவாவும் சோஃபியாவும் ஒன்று. பக்கத்து மேசையில் நிரல்களைச் சோதனை பார்க்கும் சோஃபியா, ஆயர் ஈத்தாம் ஊர்ப் பெண், திரையை எட்டிப் பார்த்தாள்.

"எங்க சர்ச் ஃபாதர்கிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க லா, அக்கா."

நம்ம ஊர்க் காதால் கேட்டால்

கடைசியில் நானே விதிகள் எழுதினேன். ட்ச, க்ஷ, ச்ச எல்லாம் நம் வாயில் ஒன்றுதானே. அதைச் சோதிக்க ஒரு கிளினிக் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, பெயர் லெட்சுமி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மார்பில் ஒரு கட்டி. ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டு வருவது அது மூன்றாவது தடவை. "இன்னும் வரல ஆன்ட்டி" என்றாள் கவுண்டர் பெண். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

என் கணினியில் தட்டினேன். ரிப்போர்ட் வந்து மூன்று வாரமாகியிருந்தது. இன்னொரு கிளையில், 'லக்‌ஷ்மி' என்ற பெயரில் கிடந்தது. பழைய தேடலுக்கு அது யாரோ ஒருத்தி. டாக்டர் உடனே உள்ளே கூப்பிட்டார். அந்த அம்மா திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் இதுல எது உங்க பேருன்னு கேப்பாங்க. எல்லாமே நான்தான்னு நீங்கதான்மா சொன்னீங்க."

இரண்டு கவின்

அந்த மிதப்பில் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஒரே அப்பா அம்மா, ஒரே முகவரி, ஒரு கவினுக்கு ஆங்கிலத்தில் ஒரு 'ஏ', இன்னொரு கவினுக்கு இரண்டு. பழைய அட்டையில் பிறந்த தேதி அழிந்துபோயிருந்தது. ஒரே ஆள் என்று நிரல் முடிவு கட்ட, உறுதி செய்யச் சொல்லிக் கிளினிக்கிலிருந்து கடிதம் போனது.

கவினின் அப்பா நேரில் வந்தார். லாரி ஓட்டுகிறவர். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூத்த பிள்ளை இரண்டு வயதில் இறந்துவிட்டான். அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே பெயர் வேண்டும் என்று மனைவி கேட்டாராம். எண் கணிதப்படி பெயர் பார்க்கிறவர் ஓர் எழுத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். நான் உடனே இருவரையும் பிரித்துப் பதிந்தேன். திரையில் இரண்டு வரியும் வரும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருங்க. ஒருத்தன் இல்லன்னாலும், எங்களுக்கு ரெண்டு பேருதான்."

மூன்று முறைகளையும் ஒப்பிட்டு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, அதில் உருப்படியான வரி 'சந்தேகம் வந்தால் ஆளையே கேட்கவும்' என்பது ஒன்றுதான் என்றார்.