ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகங்கள்

பிளேடின் முனை தையலுக்கடியில் நுழைந்து ஒவ்வொரு முடிச்சாக அறுத்தது. அவசரப்பட்டு இழுத்தால் தாள் கிழியும். நூல் தானாக விடும்வரை விரல்கள் காத்திருந்தன. தான் தைத்ததையே அவள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கல்லூரி நூலகத்தில் பைண்டிங் வேலை. கணவன் மோட்டார் பட்டறையில் சோதனை பார்ப்பவன். ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்வான். அந்தக் காது மந்தமாகிவிட்டது. சத்தத்தை வரைபடமாகக் காட்டும் கருவி பட்டறைக்கு வந்தபோது, "படம் படிக்கத் தெரிஞ்சவனுக்கு மெஷினு, தெரியாதவனுக்கு லோடிங்கு" என்றார் ஃபோர்மேன். ஒரு சத்தத்துக்குள் எந்தெந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்று பிரிக்கும் கணக்குக்கு ஃபூரியர் பகுப்பாய்வு என்று பெயர். அதைத் தானே படித்துவிடுவதென்று இறங்கினான்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் இழுபறி. அவன் முதலில் வாங்கிவந்தது செங்கல் கனம். எடுத்த எடுப்பிலேயே நிரூபணம். "தலைக்கு வச்சுப் படுக்கலாம்" என்றான்.

அவள் வழி வேறு. நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களை மூடிவைத்து ஓரத்தைப் பார்த்தாள். பெரும்பாலும் மூன்றாம் பாடம்வரை அழுக்கு, அதற்கப்புறம் வெள்ளை. ஒன்றில் மட்டும் கடைசிவரை கைபட்டிருந்தது. ஆனால் பயிற்சியும் விடையும் கிழிந்துபோயிருந்தன. அவற்றை இன்னொரு புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்து, இதோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள்.

வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தான். ஒரு விடையும் முழுதாக ஒத்துவரவில்லை. "இந்த மண்டைக்கு இவ்வளவுதான்" என்று, கருவிக்குக் கொடுத்திருந்த பெயரை எடுத்துவிடும்படி ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டான். கருவி ஃபோர்மேனின் மச்சானுக்குப் போனது. இவன் லோடிங்குக்குப் போனான். புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னான்.

போடுமுன் அவள் திறந்தாள். அவன் பென்சிலில் போட்டவை விடைகளின் எண்வரிசையோடு ஒத்திருந்தன, வரிசையின் முதல் எண்ணைத் தவிர. அவன் போட்ட முதல் எண் ஒவ்வொரு கணக்கிலும் சரியாக இரண்டு மடங்கு. பாடம் சொன்ன புத்தகம் முதல் எண்ணைப் பாதியாக்கித் தொடரில் சேர்க்கிறது. விடை சொன்ன புத்தகம் முழுதாகவே சேர்க்கிறது. தனித்தனியாக இரண்டும் சரி.

இப்போது பயிற்சி எடுத்த புத்தகத்தின் பாடத்தையே அந்தப் பயிற்சியோடு அடுக்கித் தைத்து, பசை தடவி, காய்வதற்காகப் பலகையை ஏற்றிவைத்தாள்.

அவன் சுமை தூக்கிய தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தான்.

"ஏங்க, நீங்க போட்ட கணக்கு சரிதாங்க."

"என்ன?"

"கணக்கு சரி! நான் தச்சதுதான் தப்பு!" கத்தவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னம்மா, மாசக் கடைசிக் கணக்கா?"

"உள்ள போங்கக்கா!"

அவள் துண்டுத்தாளில் பக்கம்பக்கமாக எழுதிவைத்திருந்த இரண்டு முறைகளின் மேலும் அவன் விரலை ஓட்டினான். "அப்ப, எனக்கு வந்திருக்கு."

"வந்திருக்கு."

"மெஷின மச்சாங்கிட்ட கொடுத்தாச்சே. இனி எதுக்கு இது?"

பலகையை இறக்கினாள். பிதுங்கியிருந்த பசையைத் துணியால் துடைத்து, புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள்.