கொஸ்தாவின் ஊரில் ஆறு கட்டில்

அப்பா, அம்மா, நான், தங்கச்சி, இரண்டு தம்பிமார். வாடகைக்கு எடுத்த வானை ஓட்டியது அப்பாவின் முதலாளி கொஸ்தா. திறந்த யன்னலால் ஆட்டு வாசமும் காய்ந்த புல்லின் வாசமும் வந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போது பத்து வயது.

மொன்றியலில் கொஸ்தாவின் சாப்பாட்டுக் கடையில் அப்பா கோப்பை கழுவினார். ஒருநாள் லீவு கேட்டாலே முகத்தைத் திருப்புகிற அந்த மனிதர், அந்தக் கோடையில் தானே ரிக்கற் எடுத்து, கிரீஸில் தன் தீவைப் பார்க்க வரும்படி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

அம்மா நம்பவில்லை. "சும்மா ஒருத்தன் ஒரு குடும்பத்தையே பிளேனில ஏத்துவானோ?"

"கொஸ்தா அண்ணை நல்ல மனுசன். வாருமப்பா" என்றார் அப்பா.

கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று நினைத்தோம். வான் மலைக்குத் திரும்பியது. வெளியூர்க்காரர் எட்டியும் பார்க்காத ஊர்கள். வெள்ளை வீடுகள், பாதிக்கு மேல் பூட்டு. கோப்பிக் கடை வாசலில் மட்டும் நாலைந்து கிழவர்கள். ஒவ்வொரு ஊரிலும் கொஸ்தா எங்களை இறக்கி நடத்திக்கொண்டு போனார். எங்களைக் கண்டதும் அவர்களின் பேச்சு நின்றது. அப்பாவையும் அம்மாவையும் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் நாலு பேரைத்தான் பார்த்தார்கள்.

ஒரு கறுப்புச் சட்டைக்காரி சின்னத் தம்பியின் கன்னத்தைக் கிள்ளி "த்தூ, த்தூ, த்தூ" என்று துப்பினாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சத்தம் போடாதேங்கோ. நாவூறு கழிக்கிறாள்" என்றார் அம்மா.

"நல்லதுதானே, பேந்தென்ன?" என்றார் அப்பா.

"அதுதான் பயமாக் கிடக்கு. பிறத்தியாற்ற பிள்ளைக்கு ஆரும் நாவூறு பாப்பினமோ? தங்கட பிள்ளையள் எண்டு நினைச்சிட்டினம்."

அதன்பிறகு அம்மா தம்பியை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

கடைசியாகக் கொஸ்தாவின் சொந்த ஊர். ஒரு வீட்டைத் திறந்தார். பெயின்ற் மணத்தது. உள்ளே ஆறு கட்டில், எல்லாம் புது மெத்தை. நாலு சின்னது. எதிரே பூட்டிய பள்ளிக்கூடம். முற்றம் கழுவிக் கிடந்தது.

கொஸ்தா தன் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "பிள்ளையள் இல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போட்டாங்களாம். எங்கட நாலும் சேர்ந்தால் திறப்பாங்களாம். வீடு எங்களுக்காம். தோட்டமும் கிடக்காம்."

"உங்களுக்கு முதலே தெரியும், என்ன?" என்று கேட்டார் அம்மா.

அப்பா தோட்டத்துக்குப் போய்க் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"நீங்கள் வேணுமெண்டால் நில்லுங்கோ. நானும் பிள்ளையளும் போறம்" என்றார் அம்மா.

நாங்கள் சப்பாத்தைக் கழற்றவில்லை, அம்மா விடவில்லை. வானில் ஏறி இருந்தோம். அப்பா வந்து ஏற நெடுநேரமாயிற்று.

திரும்பி வந்ததும் அப்பா பழையபடி கோப்பை கழுவப் போனார். முதலே தெரியுமா என்று நான் வளர்ந்தபிறகு இரண்டு தடவை கேட்டேன். "அதை விடு பிள்ளை" என்றார். இப்போது அவரும் இல்லை, கொஸ்தாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் ரெலிபோன் விற்கிறார்கள்.

போன மாதம் மொன்றியலுக்குப் பக்கத்தில், கேர்க்லண்டில் கொஸ்தாவின் மகளைக் கண்டேன். பள்ளிக்கூடக் கூரை விழுந்துவிட்டதாம். மாரி காலத்தில் அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பேராகச் சொல்லி விரலை மடித்தாள்.

ஏழு.