எட்டாம் நாள் அப்பா வந்தார்

அப்பா சாக்கைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், இன்றைக்கு ஒரு குட்டி போகிறது என்று. தாய் நாய் படுத்து எழுந்த சாக்கிலிருந்து ஒரு முழம் கிழித்து, நாலாக மடித்து, குட்டியை வாங்க வந்தவர் கையில் கொடுப்பார். "இதத் துவைச்சிராதீய. தாய் வாடை இருக்குத வரைக்கும் இது மேலதான் அவ தூங்குவா. இந்த வாடை போறதுக்குள்ள ஒங்க வீட்டு வாடை பழகிரும்" என்பார். வந்தவர் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலில் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் எட்டாம் நாள் அவரே நேரில் போய்ப் பார்ப்பார்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் முன்பக்கம் நாலு விசைத்தறி ஓடியது. பின்பக்கத்துக் கொட்டகையில் கன்னி நாய்கள் இருந்தன. தறிதான் சோறு போட்டது, ஆனால் அப்பாவின் மனசு பூராவும் பின்பக்கத்தில் கிடந்தது. கன்னி என்பது எங்கள் பக்கத்து வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நெடுங்கால், கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்பொட்டு. குட்டிக்கு அவர் காசு வாங்க மாட்டார். ஒரு மரக்கால் கம்பு வாங்கிக்கொள்வார், அதுவும் தாய்க்குக் கூழ் காய்ச்சுவதற்கு. தறிச் சத்தத்தில் கண் திறந்த குட்டிகள் சத்தமே இல்லாத வீட்டுக்குப் போனால் மிரண்டு போகும், உறக்கம் பிடிக்காது. அதற்கும் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். குட்டி படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் டிக் டிக்கென்று ஓடுகிற ஒரு டைம்பீஸை வைக்கச் சொல்லுவார்.

எட்டாம் நாள் போகிற வீட்டில், குட்டியைப் பார்க்காமல் காப்பித் தம்ளரைக் கையால் தொட மாட்டார். காது மடலைப் புரட்டிப் பார்ப்பார். தண்ணிச் சட்டி காய்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். விலாவை ஒவ்வொன்றாக விரலால் தடவுவார். ஏதாவது சரியில்லை என்று பட்டால், எப்பேர்ப்பட்ட வீடானாலும் சரி, குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். குருவிகுளம் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி, குட்டியை மாட்டுச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார் என்பதற்காக, அவர் வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். "பொண்ணக் கெட்டிக் குடுத்துட்டு எப்படி இருக்கான்னு போய்ப் பாக்க மாட்டமா? ஒரு வீடு ஒத்துக்கிடலேன்னா ஒலகத்துல வேற வீடே இல்லையா?" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். எனக்கு அப்போது பதினஞ்சு வயது. இப்படி ஒரு மனுஷன் நமக்கு அப்பாவாக வாய்த்தாரே என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், சித்திரையில், என்னை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணோடு ஒரு கன்னிக் குட்டியைச் சீராக அனுப்புவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்த ஈத்தில் பிறந்த ஆறு குட்டிகளில் கொஞ்சம் சிறிசாக, ஒரு கால் விரல் மட்டும் வெள்ளையாக இருந்த பெட்டைக் குட்டியை அப்பா எனக்கென்று ஒதுக்கினார். கார் கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேசினார். கூழை எப்படி ஆற்ற வேண்டும், பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், எந்த நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும், எல்லாம் குட்டியைப் பற்றி. கடைசியில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "இவளுக்குக் கொஞ்சம் வாய் சாஸ்தி மாப்ள, மத்தபடி ஒண்ணும் கொறை சொல்ல முடியாது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மூளை கெட்டவள்.

மாப்பிள்ளை வீடு வயல்காட்டு வீடு. பகலில்கூட ஒரு சத்தம் கிடையாது. பிறந்ததிலிருந்து தறி ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவள் நான். அந்த வீட்டின் அமைதியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. குட்டிக்காவது டைம்பீஸ் வைத்தார்கள். என் மாமியார் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடிப்பானையைச் சுரண்டி எனக்குப் போடுவாள், போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து கவளத்தைப் பார்ப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, குட்டிக்கும் கூழ் இறங்கவில்லை. மத்தியானத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குட்டியின் சாக்கை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். நாய் வாடை, கம்பு வாடை, தறிக்கு விடுகிற எண்ணெய் வாடை, எங்கள் வீடு முழுசும் அதில் இருந்தது. ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டாள். "ஏட்டி, நாய்ச் சாக்கையா மோந்து பாக்க? குட்டி ஒண்ணுன்னு நெனச்சேன், ரெண்டால்லா அனுப்பி வச்சிருக்காவ" என்றாள்.

ஆறாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் படுத்திருந்தபோது குட்டி விடாமல் சிணுங்கியது. "சனியனே" என்று எழுந்து வந்து ஒரு உதை உதைத்தார். அது சுவரில் போய் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கியதற்கு எனக்கு ஒரு அறை. கன்னம் வீங்கிக் கண்ணோரம் கன்றிப் போய்விட்டது. நான் அழவில்லை, ஏனென்றால் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டே நாள், எட்டாம் நாள் அப்பா வந்துவிடுவார். குட்டியைப் பார்க்கத்தான் வருவார், வரட்டும். கண் இருக்கிறதே, என்னையும் பார்க்காமலா போய்விடுவார் என்று நினைத்தேன்.

சொன்னபடி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மடித்த துண்டு. மாமியார் நீட்டிய காப்பியை வழக்கம்போலத் திண்ணையில் வைத்துவிட்டுக் குட்டியை மடியில் எடுத்துக்கொண்டார். காது, நாக்கு, வயிறு, பிறகு விலா. இடது பக்கம் விரல் போனதும் அது வீல் என்று கத்தியது. அப்பாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. அதே இடத்தை இன்னும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். நான் அவருக்கு இரண்டடி தள்ளி, வீங்கிய கன்னம் அவர் பக்கம் இருக்கிற மாதிரி நின்றேன். வேண்டுமென்றேதான் அப்படி நின்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பார்த்தார் என்று சத்தியம் பண்ணுவேன். பார்த்துவிட்டு என் மாமனார் பக்கம் திரும்பி, "குட்டிக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிடல போல சம்பந்தி, நான் கொண்டு போறேன். மனசுல வச்சுக்கிடாதீய" என்றார். குட்டியைத் துண்டில் சுற்றினார். மறக்காமல் சாக்கையும் எடுத்துக்கொண்டார்.

வழியனுப்புகிற சாக்கில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே போனேன். என் வாய் பெரிய வாய் என்று ஊருக்கே சொன்னாரே, அந்த வாயிலிருந்து நாலே வார்த்தைதான் வந்தது. "யப்பா, நானும் கூட வாரேன்." குட்டி துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "புது எடம், அப்படித்தான் இருக்கும். பொறுத்துப் போ, மக்கா. இன்னும் மூணு மாசந்தான், ஆடித்தபசுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்லா" என்றார். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, குட்டிக்கு வெயில் படாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். புளியங்குடி ரோட்டில் பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நான் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

குட்டிக்கு அடுத்த பதினஞ்சு நாளில் இளையரசனேந்தலில் வேறு வீடு பார்த்தார். நல்ல மனுஷர்கள், பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். மூன்றாம் வருஷம் கைக்குழந்தையோடு நானே பஸ் ஏறி வந்தேன். அப்பா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, "கெளம்பு, கொண்டு விடுதேன்" என்றார். ஒலகத்துல வேற வீடே இல்லையா என்று கேட்ட வாய் அது. எனக்கு வேறு வீடு எங்கும் இல்லை, பிறந்த வீடு உட்பட.

இன்றைக்கும் சங்கரன்கோவில் பக்கம் போனால் பழைய ஆட்கள் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "நாய்க்குட்டியவே பெத்த பிள்ள மாதிரி பாத்தாரே, ஒங்கப்பா மாதிரி ஒரு ஆளு உண்டுமா?" என்பார்கள். பெத்த பிள்ளையைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்திருந்தால் போதுமே என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னவர் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்று விழுங்கிவிடுவேன். நான் விழுங்காத வீடு எது?

ஒரே ஒரு தடவைதான் விழுங்காமல் கேட்டேன். எண்பதுகளின் கடைசியில் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். தறியை விற்றாகிவிட்டது, நாய்களும் இல்லை. கஞ்சி ஊற்றிக்கொண்டே, "எட்டாம் நாள் வந்து குட்டியத் தூக்கிட்டுப் போனீயளே, என்னைய ஏன் விட்டுட்டுப் போனீய?" என்றேன். "நாய்க்கு வாய் இல்லல்லா மக்கா, அதுக்கு நாமதான் பேசணும். ஒனக்கு வாய் இருந்துச்சு. நானும் வாரேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பெத்தவன் விட்டுட்டு வருவனா?" என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. பொய் சொல்லவில்லை, மனுஷர் அதை நிஜமாகவே மறந்திருந்தார். "அந்தக் குட்டிக்கு எந்த விலாவுல அடி பட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எடப்பக்கம், மூணாவது" என்றார், யோசிக்காமல்.