சூட்டில் ஸ்டார்ட் ஆகாத கார்

அவரை நான் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பதினொரு வருஷத்தில் நான் கொஞ்சம் பருத்திருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ். அவருக்கு முடி மட்டும்தான் வெளுத்திருந்தது. கட்டைவிரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு பேசும் பழக்கம் அப்படியே இருந்தது.

பாரூரிலிருந்து ஐடிஐ முடித்து ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அவர் எங்கள் மேலதிகாரி. ஒருநாள் ஒரு எஞ்சினின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றிப் பார்க்கணும் என்று எழுதி நிறுத்தி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எஞ்சின் வண்டி ஏறிப் போயிருந்தது. ரிப்போர்ட்டில் என் முத்திரை. 'ஓகே' என்று. முத்திரையை என் மேசை டிராயரில்தான் வைத்திருந்தேன். சாவி அவரிடமும் ஒன்று உண்டு.

எஞ்சின் வாங்கியவர்களிடமே உடைந்தது. விசாரணை நடந்தது. அவர் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணமான புதுசு சார். கவனம் எங்கயோ இருந்திருக்கு. சத்தத்த வச்சு எஞ்சின் பாக்குற வேலையெல்லாம் இவங்களுக்குக் குடுத்ததே நம்ம தப்பு."

வேலை போனது. அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "விடு புள்ள. தப்பு நடக்கறது சகஜந்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தப்பு என்னுடையது என்று அவரும் நம்பிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. வேலை போனதைவிட அந்த ஒரு வார்த்தை என்னை அதிகமாக அறுத்தது.

பிறகு மத்திகிரியில் நாங்கள் ஒரு கேரேஜ் போட்டோம். என் கணவர் பெயிண்ட், தகரம் எல்லாம் பார்ப்பார். எஞ்சின் என்னுடையது. பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், லேத்தில் பாகம் கடைந்து வாங்குவதற்காக ஓசூர் வந்து போவார்கள். அப்படி ஒருவர் ரோட்டரி எஞ்சின் ஒன்றை மூன்று அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாகக் கொண்டு வந்தார். அதில் பிஸ்டன் கிடையாது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோணமாக ஒரு ரோட்டர், கூட்டுக்குள் உருண்டு சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் விரல் நீளத்துக்கு மெல்லிய பட்டைகள் உண்டு. சீல் என்போம். எஞ்சினின் உயிரே அவற்றில்தான். அவை தேய்ந்தால் காற்று ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசியும், எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தப் பெட்டிகளோடு நாலு மாசம் போராடி அதை ஓட வைத்தேன். அதன்பிறகு ரோட்டரி என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

அப்படித்தான் அந்த மேலதிகாரியும் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாங்கிக் குடியிருக்கிறார். இளம் வயசிலிருந்து ஆசைப்பட்ட ஜப்பான் கார் ஒன்று விலைக்கு வருகிறது, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு வண்டி. வாங்குவதற்கு முன் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"உங்களைத்தான் எல்லாரும் சொல்றாங்க மேடம்" என்றார். "நீங்க ஓகேன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிருவேன்."

மேடம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"ஒரு கம்பெனில சார்."

"எந்தக் கம்பெனி?"

"இப்ப அங்க ஆளுங்கல்லாம் மாறிட்டாங்க சார்."

அவர் தலையாட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

காரை விற்பவர் அதை லாரி மேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பெங்களூரிலிருந்து ஓசூருக்கு ஓட்டி வருவதற்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன கஷ்டம்? அதுவே எனக்கு முதல் சந்தேகம். சாவியைத் திருப்பினேன். ஆறிக் கிடந்த எஞ்சின் சட்டென்று பிடித்தது. அதில் ஏமாறக் கூடாது. தேய்ந்த ரோட்டரி, ஆறியிருக்கும்போது நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டால் சத்தம் நிலையாக நிற்கவில்லை. ஏறி ஏறி இறங்கியது.

நான் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். கால்நடைப் பண்ணை வேலியை ஒட்டிய ரோட்டில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினேன். மேட்டில் இழுவை போதவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சாவியைத் திருப்பினேன்.

சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை நீளமாகச் சுற்றி, பின்னால் நீலப் புகையைத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாத ரோட்டரி செத்துக்கொண்டிருக்கும் ரோட்டரி. இதைவிடத் தெளிவான அறிகுறி வேறு கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேசையைப் பார்த்துப் பேசிய அந்த முகம் நினைவுக்கு வந்தது. செய்யாத ஒன்றுக்காக வேலையை விட்டு அனுப்பினார்கள். சரி, செய்துவிடுவோம் என்று தோன்றியது. தோன்றியதும் மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

கேரேஜுக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, உள்ளே காற்றழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் கேஜை மாட்டினேன். எஞ்சினைச் சுற்றவிட்டால் நல்ல ரோட்டர் மூன்று அடி ஒரே மாதிரி அடிக்கும். இதில் ஒரு அடிதான் ஒழுங்காக வந்தது. அடுத்த இரண்டும் புஸ், புஸ் என்று போயின. ஒரு முனையின் சீல் போய்விட்டால் அதற்கு இருபக்கமும் உள்ள அறைகள் இரண்டுமே இப்படித்தான் கசியும். பக்கத்தில் நின்ற என் கணவருக்கும் அது கேட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், எப்படி இருக்கு?" என்று நிழலிலிருந்து கேட்டார் அவர்.

"நல்லா இருக்கு சார். தாராளமா வாங்கலாம்."

தாளில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று மட்டும் செய்தேன். நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கை முழுதாகப் பார்த்து, தேய்ந்ததை மாற்றினேன். அவர் நடுரோட்டில் அவமானப்பட வேண்டும், சாகக் கூடாது.

அவர்கள் போன பிறகு என் கணவர் கேட்டார். "ஏன் புள்ள இப்படி?"

"அவருதான் அந்த ஆளு" என்றேன்.

அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வாங்கிய அந்த ஆள் போன் செய்தார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றுவிட்டது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்றார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. லாரிக்காரர் ஒருவர் தெலுங்கில் திட்டுவதும் கேட்டது. பக்கத்தில் ஒரு பெண்குரல், "இதுக்குத்தான் சொன்னேன், கேட்டீங்களா?" என்றது. நான் அவசரமே படாமல், நிதானமாக எல்லாவற்றையும் கேட்டேன்.

மறுநாள் கார் லாரியில் வந்து இறங்கியது, கூடவே அவரும். அவர் எதிரிலேயே எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். சீல் ஒன்று இரண்டாக உடைந்து, அதன் துண்டு கூட்டின் உள்சுவரில் நீளமாகக் கோடு கிழித்திருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

"இது ஒரு மாசத்துல வந்த தேய்மானமில்ல" என்றார். தொழில் தெரிந்தவர் அல்லவா. "நீங்க ஓகேன்னு எழுதிக் குடுத்தீங்களே."

"ஆமா சார். இந்தத் தடவ நான்தான் எழுதுனேன்."

அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலையில் என்னை எந்த டெஸ்ட் ரூமில் போட்டிருந்தார் என்று சொன்னேன். கட்டைவிரல் மூக்கிலேயே நின்றது. கத்துவார், போலீசுக்குப் போவேன் என்பார் என்று எதிர்பார்த்து, அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அந்த முத்திரை நான்தான் போட்டேன்" என்றார். "அன்னைக்கு எண்ணிக்கை குறையுதுன்னு மேல இருந்து நெருக்குனாங்க. உம் பேரு சின்னப் பேரு, அமுங்கிப் போயிரும்னு நெனச்சேன்."

என் கணவர் கையில் உப்புத்தாளோடு ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற சத்தம் நின்றது. அந்த மௌனத்துக்காக நான் பதினொரு வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இதக் கட்டிக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"மாட்டேன் சார்."

"இந்தப் பக்கம் வேற யாருக்கும் தெரியாதே."

"யாருக்கும் தெரியாதுன்னு எனக்கும் தெரியும் சார். அதான் மாட்டேங்கிறேன்."

பிரித்த பாகங்களைத் துடைத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்கி, கார் இருக்கையிலேயே வைத்துவிட்டேன். ஒரு நட்டு குறையவில்லை. லாரி போன பின் என் கணவர் டீ வாங்கி வந்தார். எதிரில் உட்கார்ந்து, "அன்னைக்கு நானும் உன்ன நம்பல, இல்ல?" என்றார்.

"நம்பல" என்றேன். அவர் தலை குனிந்தார். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டேன்.

அந்தக் கார் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். என்மேல் அன்று சுமத்திய பழிக்கு நிஜமாகவே உரியவளாகிவிட்டேன். இப்போதெல்லாம் வண்டி பார்க்கச் சொல்லி யாராவது வந்தால் நான் 'ஓகே' என்று எழுதுவதில்லை. எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்கிறேன். ஆனால் இன்னொரு முறை அதே மனிதர் அதே மாதிரி ஒரு வண்டியோடு வந்தால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதையேதான் செய்வேன்.