வளைவில் விழாத முள்

பாஸ்கலுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறினாலே குமட்டும். பஸ்ஸில்கூடப் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பார். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். அப்படிப்பட்டவர் பந்தயக் காரில் கை வைத்தது 1992-ல், சிநேகிதர் பரந்தாமனுக்காக.

வேலப்பன்சாவடியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த பரந்தாமனுக்கு இருங்காட்டுக்கோட்டைக் கார் பந்தயம் என்றால் உயிர். அந்த வருடம் இரண்டு முறை எஞ்சின் பேரிங் கருகிவிட்டது.

“நீள வளைவுல திருப்பினா ஆயில் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கிடுது மாமே. பம்பு வெறுங்காத்த இழுக்குது. பிரஷர் முள்ளு ஜீரோவுக்கு வந்து நிக்குது. நான் இன்னா பண்றது?” என்றார்.

பாஸ்கல் கொஞ்சம் யோசித்தார். “எங்க பிரஸ்ல அக்குமுலேட்டர்னு ஒண்ணு கீது. உருளைக்குள்ள ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் ஆயில், நடுவுல பிஸ்டன். பிரஷர் இருக்கசொல்ல ஆயில் உள்ள போய் காத்த அமுக்கும். பிரஷர் எறங்குனா காத்து ஆயில வெளிய தள்ளும். நாலு செகண்டு தாங்குனா வளைவு தாண்டிடுவ இல்ல?”

“தாராளமா!”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்ததும் பாஸ்கல் நேரே ஷெட்டுக்குப் போனார். இரும்புக் குழாயை உள்ளே வழவழவென்று தேய்த்து, பிஸ்டன் கடைந்து, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்கினார். அங்கிருந்து தடித்த ஹோஸ் ஒன்று எஞ்சினின் எண்ணெய் வழிக்குப் போனது. இடையில் ஒரு வால்வு. ஆனால் எஞ்சின் சூடானதும் ஆயில் பிஸ்டனைத் தாண்டிக் காற்றுப் பக்கம் கசிந்தது.

பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார். மனைவி ஜெயகுமாரி ரப்பர் கம்பெனியில் வளையங்களைச் சோதித்துப் பிரிக்கிறவர். நகத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார்.

“இது தண்ணிக் குழாய்க்குப் போடறதுங்க. சூட்டு எண்ணெயில ஊறி உப்பிப் போச்சு. இத யாரு போடச் சொன்னது?”

“கையில கெடைச்சத போட்டேன்.”

“நல்லா போட்டீங்க!”

எண்ணெய் தாங்கும் வளையம் இரண்டை ஜெயகுமாரியே வாங்கி வந்தார். மாட்டியதும் கசிவு நின்றது.

குத்தம்பாக்கம் பக்கம் ஒரு காய்ந்த பொட்டலில் சோதனை. கார் வட்டமடிக்கும்போது முள்ளைப் பார்த்துச் சொல்ல ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். பாஸ்கல் காரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“நகருங்க,” என்று ஜெயகுமாரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்.

வால்வைத் திறந்ததுமே, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே, உருளையில் தேங்கியிருந்த ஆயில் பாய்ந்து முள் எழுந்தது. பிறகு பரந்தாமன் ஓட்ட, கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றியது. உள்ளிருந்து ஜெயகுமாரியின் குரல் வந்தது: “அறுவது! நாப்பது! நாப்பதுலயே நிக்குது! இன்னும் வேகமா போங்கண்ணே!”

பந்தயத்தில் பரந்தாமன் ஐந்தாவதாக வந்தார். பரிசில்லை. ஆனால் மறுநாள் எஞ்சினைப் பிரித்தபோது பேரிங்குகள் புதிதுபோல் மின்னின. பரந்தாமன் ஷெட்டே அதிர ஒரு விசிலடித்துவிட்டு, பாஸ்கலைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

“எறக்குய்யா, தலை சுத்துது!”

அடுத்த வாரமே வேறு இரண்டு பந்தயக்காரர்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பாஸ்கல் வாயைத் திறக்குமுன் ஜெயகுமாரி கேட்டார்:

“உங்க வண்டியில எண்ணெய் எவ்ளோ சூடாவும்? மொதல்ல அத சொல்லுங்க.”

பாஸ்கல் சிரித்தபடி தேநீர் போட உள்ளே போனார்.