பலகையில் மூன்று கோடுகள்

1946 ஜனவரி 24, வியாழக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளித்துவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டு, ஆறு மணிக்கு அரியலூர் அரிசி மில்லைத் திறந்தேன். ஆறரைக்கு இன்ஜின் டிரைவர் வந்தார். ஊதுவிளக்கால் இன்ஜின் தலையைச் சூடாக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஏழுக்கு அரைவை தொடங்கியது. மில்லின் மேற்பார்வை என்னுடையது. இன்ஜின் பல வருஷமாக அவருடையது.

அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்ள மாட்டார். திங்கட்கிழமை பெல்ட் கழன்று இன்ஜின் சுமையில்லாமல் வேகமெடுத்துப் பறந்தபோது, முதுகைக் காட்டி நின்று எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெல் கொட்டும் அம்மாள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. முதலாளி பார்த்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆளுதான்" என்று என்னிடம் சொன்னார். டிரைவருக்கும் அது தெரியும்.

இன்ஜினின் வேகத்தைத் தானே அடக்கும் கருவி ஒன்று உண்டு. கவர்னர் என்போம். சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் அவை விரிந்து, இன்ஜினுக்குப் போகும் எண்ணெயைக் குறைக்கும். சுமை ஏறினால் சுருங்கி எண்ணெயைக் கூட்டும். யாரையும் கேட்காது, யாருக்கும் சொல்லாது. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் இன்ஜின் நின்றபோது, கவர்னரின் கம்பியில் கடிகார முள் மாதிரி ஒரு மூங்கில் முள்ளைக் கட்டினேன். குண்டுகள் விரிந்தால் அது மேலே ஏறும், சுருங்கினால் கீழே இறங்கும். பின்னால் ஒரு பலகை. அதில் மூன்று கோடுகள்: மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே கறுப்பு.

டிரைவர் வந்து பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"குண்டு என்ன பண்ணுதுன்னு கண்ணால பாக்கலாம்."

"எனக்குக் காது செவிடுன்னு எழுதி மாட்டறீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் முள்ளைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு நெல் கொட்டும் அம்மாளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, முள்ளு கறுப்புக்கு வந்தா நீ அள்ளிக் கொட்டறேன்னு அர்த்தம். கையை நிறுத்து. சிவப்புக்குப் போனா நெல்லுத் தொட்டி காலி, இல்லேன்னா பெல்ட்டு போச்சு. என்னைக் கூப்பிடு."

"கூப்பிட்டா மட்டும் காதுல விழுந்துடுமாண்ணே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் சிரித்தவர் டிரைவர்தான்.

"விழலேன்னா நெல்லை அள்ளி முதுகுல எறி."

மூன்று மணிக்கு முதலாளி வந்து வாசலில் நின்றார். சற்று நேரத்தில் முள் வெள்ளையை விட்டு மேலே ஏறியது. அந்த அம்மாள் ஒரு பிடி நெல்லை அள்ளிவிட்டாள். எறியவில்லை. அதற்குள் டிரைவரே முள்ளைப் பார்த்து எண்ணெயை அடைத்திருந்தார். பெல்ட்டின் தையல் விட்டு வழுக்கிக்கொண்டிருந்தது, இன்னும் கழலவில்லை.

முதலாளி பலகையருகே வந்து, "இது என்ன கணக்கு, எனக்கும் சொல்லு" என்றார். டிரைவர் கோடு கோடாகச் சொன்னார். முதலாளி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "வேற ஆளெல்லாம் வேண்டாம்" என்றார்.

ஆறு மணிக்கு இன்ஜினை நிறுத்தினோம். டிரைவர் தண்ணீர்த் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வலது காது கொஞ்சம் கேக்குதுங்க. இடதுல ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை முதல் வேலையாக, என் முக்காலியை எடுத்து அவருக்கு வலப்பக்கமாகப் போட்டேன்.