எண் எழுதாத கார்டு

நேற்றுக் காலை ஒரத்தநாட்டில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. வரப்பில் நின்றபோது அதிராம்பட்டினத்திலிருந்து போன். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா," என்றாள் ஜமால் பாயின் மகள். பாய் இறந்துவிட்டார். வரப்பிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் எனக்கும் பாய்க்கும் அடுத்தடுத்த மேஜை. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேகரிப்பவர்கள் தரம் பார்க்க எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் நிற்கிறதா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பி அனுப்புவோம். 'சீட்டுக்கட்டுக்கு மார்க் போடுறவன்' என்பான் என் தம்பி.

இருட்டு அறை, ஒரே விளக்கு. பாய் கார்டைச் சாய்த்துப் பிடிப்பார். மெல்லிய கீறல்கள் மினுங்கி மறையும். "நம்ம கடல்ல வெயில் விழுந்த மாதிரி இல்ல?" என்பார். வேலையை மறந்து இருவரும் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே ஒரு விதி உண்டு. தெரிந்தவர் கார்டு வந்தால் நாம் எண் போடக்கூடாது.

நான் அதற்குமுன் நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தவன். நெல்மணியை நகத்தால் அழுத்தி ஈரம் பார்த்துப் பழகிய கை. சேர்ந்த மூன்றாம் மாதம், ஏதோ நினைப்பில் ஒரு கார்டின் முனையை அப்படியே அழுத்திவிட்டேன். முனை மடங்கிப்போனது. எண்ணைக் குறைத்துப் போட்டு அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும், கூடவே விசாவும் போகும். பாய் பார்த்துவிட்டார்.

"சொல்லிடுங்க அந்தோணி. அனுப்புனவரு என்ன பாவம் பண்ணாரு?"

"ஊருக்கு அனுப்பிடுவாங்க பாய்."

"அனுப்புனா சேர்ந்தே போவோம். எந்திரிங்க, நானும் வர்றேன்."

வந்தார். பக்கத்தில் இருந்தும் புதியவனான என்னைத் தடுக்காதது தன் தவறு என்று மேலாளரிடம் எழுதியே கொடுத்தார். கார்டை நிறுவனமே உரியவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. என் வேலை தப்பியது. அன்று அழுதேன், இதை எழுதும்போதும் அழுகிறேன்.

வீணான அந்தக் கார்டைப் பாய் கேட்டு வாங்கி, உறையிட்டு, என் கையில் கொடுத்தார். எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நம்பர் எங்க பாய்?"

"இப்ப இது உங்க கார்டு. நீங்க தெரிஞ்சவராச்சே, நான் எப்படிப் போடுறது?"

நேற்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசலில் வெளியூர்க்காரர் ஒருவர், "மனுஷன் எப்படிங்க?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சவருங்க," என்றேன். "நான் எப்படிச் சொல்றது?"

திரும்பும் வழியில் கடற்கரையில் இறங்கி, கார்டைச் சாய்த்துப் பிடித்தேன். அதே வெயில் மினுங்கியது. போய் வாருங்கள், பாய்.